ஜீஸ் பெண்ட் குயில்ட் ஓவியப் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓடும் ஒரு வளைவுக்குள் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்ப் பெண்கள் தைத்த குயில்ட் போர்வைகளின் வடிவங்களைப் பெரிய பலகைகளில் வண்ணம் தீட்டி ஊர்ச் சாலையோரத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி தேவையில்லை, அவரவர் காரில், அவரவர் வேகத்தில் சென்று பார்க்கலாம். அங்கே போக எண்ணுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

வரைபடத்தில் தேடினால் பாய்கின் என்று வருகிறதே, இது வேறு ஊரா?

இரண்டும் ஒன்றுதான். அஞ்சல் துறையின் பதிவில் ஊரின் பெயர் பாய்கின். 1949இல் அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவரின் பெயரை ஊருக்கு இட்டார்கள். ஊர் மக்களும், கலையுலகமும், இந்தப் பாதையும் பழைய பெயரையே வைத்துக்கொண்டிருக்கின்றன. 1816இல் வட கரோலினாவிலிருந்து வந்து இங்கே பருத்தித் தோட்டம் அமைத்த ஜோசப் ஜீ என்பவரின் பெயரிலிருந்து வந்தது அது. நிர்வாகக் கணக்கில் இது வில்காக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்தது.

குயில்ட் என்றால் சாதாரண ஒட்டுத்துணிப் போர்வைதானே?

அடிப்படையில் ஆம். துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி என்று மூன்று அடுக்குகள். மூன்றையும் பிணைத்து மேலிருந்து கீழ்வரை ஓடும் ஓட்டுத் தையல். மேல்துணியைப் பெரும்பாலும் ஒருவர் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து இணைப்பார். பிறகு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நாலைந்து பெண்கள் சுற்றி அமர்ந்து பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் தைத்து முடிப்பார்கள். ஆகவே வடிவம் ஒருவருடையது, உழைப்பு பலருடையது. சாலையோரப் பலகைகளில் நாம் பார்ப்பது அந்த மேல்துணியின் வடிவத்தை மட்டுமே என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பலகைகளில் யாருடைய போர்வைகள் இருக்கின்றன?

அமெரிக்க அஞ்சல் துறை 2006 ஆகஸ்ட் 24 அன்று ஜீஸ் பெண்ட் போர்வைகளைக் கொண்டு பத்து அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அவை அன்றைய சாதாரணக் கடிதக் கட்டணமான 39 சென்ட் மதிப்புடையவை. அந்தத் தலைகளில் வந்த போர்வைகளைத்தான் இந்தப் பலகைகளிலும் காண்கிறோம்.

பத்தில் மிகப் பழையது லாட்டி மூனி 1940 வாக்கில் தைத்தது; மிகப் புதியது மேரி லீ பெண்டால்ஃப் 1998இல் தைத்தது. இரண்டுமே ‘ஹவுஸ்டாப்’ என்று ஊரார் சொல்லும் வகையைச் சேர்ந்தவை. இடைப்பட்ட காலத்தில் ஜெஸ்ஸி டி. பெட்வே, ரூத் பி. மோஸ்லி, பாட்டி ஆன் வில்லியம்ஸ், ஆர்லோன்சியா பெட்வே, ஆனி மே யங், மின்னி சூ கோல்மன் ஆகியோர் வருகிறார்கள். லொரெட்டா பெட்வேயின் போர்வைகள் மட்டும் இரண்டு இடம்பெற்றன. அவர் தைப்பதை விரும்பிச் செய்தவர் அல்லர். பிள்ளைகள் குளிரில் நடுங்கக் கூடாது என்பதற்காகவே ஊசியை எடுத்தவர். ஆயினும் இந்த ஒன்பது பேரில் எவருடைய வடிவம் கண்ணை நெடுநேரம் பிடித்து வைக்கிறது என்று கேட்டால், என் விடை அவருடைய ‘மெடாலியன்’ என்னும் போர்வைதான்.

எந்த வழியாகச் செல்வது?

ஊருக்குள் நுழைய ஒரே ஒரு தார்ச்சாலைதான் உண்டு. அது 29ஆம் எண் மாவட்டச் சாலை. செல்மா நகரிலிருந்து தென்மேற்காக வந்து, ஆல்பர்ட்டா என்னும் சிற்றூரின் அருகே இச்சாலையில் திரும்ப வேண்டும். அதற்கு மேல் வழி தவற வாய்ப்பில்லை, ஏனென்றால் சாலை ஆற்றங்கரையோடு முடிந்துவிடுகிறது. பலகைகள் இந்தச் சாலையை ஒட்டியே வருகின்றன.

இன்னொரு வழி, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மாவட்டத் தலைநகரான கேம்டனிலிருந்து காரோடு படகில் ஏறிக் கடப்பது. கடக்க ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். வெள்ளம், பலத்த காற்று, பழுதுபார்ப்பு ஆகியவற்றால் படகு நிறுத்தப்படுவதுண்டு; ஆகவே புறப்படும் நாளன்று காலையிலேயே படகு ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நேரமிருந்தால் ஒரு வழி சாலையாகவும் மறுவழி படகாகவும் அமைத்துக்கொள்வதே சிறந்தது. எத்திசையில் தொடங்குவது என்று கேட்டால், சாலை வழியாக நுழைந்து படகில் வெளியேறுமாறு சொல்வேன். ஊரைப் பார்த்த பிறகு அந்த ஆற்றைக் கடப்பதில் ஒரு பொருள் இருக்கிறது. அடுத்த விடையைப் படித்தால் அது விளங்கும்.

படகைப் பற்றி எல்லோரும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இந்தப் பயணத்தில் பலகைகளுக்கு இணையாக அறிந்துகொள்ள வேண்டியது படகின் வரலாறுதான்.

வில்காக்ஸ் மாவட்டத்தில் கறுப்பின மக்களே பெரும்பான்மையினர். ஆயினும் 1960களின் முற்பகுதியில் அவர்களுள் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. ஜீஸ் பெண்ட் மக்கள் படகேறி கேம்டன் நீதிமன்றத்துக்குச் சென்று வாக்காளராகப் பதிவுசெய்ய முயலத் தொடங்கிய காலத்தில், 1962இல், படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கண்ணெதிரே தெரியும் அக்கரைக்குச் செல்ல, அதன்பின் ஊரைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 40 மைல் போக வேண்டியதாயிற்று. மருத்துவர், கடை, அலுவலகம் எல்லாம் அக்கரையில். ஊரில் கார் வைத்திருந்தவர்களோ மிகச் சிலர்.

1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் இங்கே வந்து பிளசன்ட் குரோவ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பேசினார். அதன்பின் மக்கள் அவரோடு கேம்டனில் ஊர்வலம் போனார்கள். போனவர்களுள் பலர் வேலையையும் குடியிருந்த வீட்டையும் இழந்தார்கள். அதே ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. படகு மட்டும் வரவில்லை. அது மீண்டும் ஓடத் தொடங்கியது 2006இல், அதாவது அஞ்சல்தலைகள் வெளிவந்த அதே ஆண்டில். போர்வைகளை நாடெங்கும் கடித உறைகளில் ஒட்டி அனுப்பத் தொடங்கிய சில வாரங்களுக்குப் பிறகே, அவற்றைத் தைத்தவர்கள் நேரே ஆற்றைக் கடக்க முடிந்தது. 2019இல் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓடுமாறு அந்தப் படகை மாற்றினார்கள். அமெரிக்காவில் கார்களை ஏற்றிச் செல்லும் படகுகளுள் முழுவதும் மின்சாரத்தில் ஓடிய முதல் படகு அது என்ற பெயர், 44 ஆண்டுகள் படகே இல்லாதிருந்த ஊருக்குக் கிடைத்தது.

பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

காரை நிறுத்தாமல் போனால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்படிப் பார்ப்பதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. அரை நாள் ஒதுக்குங்கள். செல்மாவையும் கேம்டனையும் சேர்த்தால் ஒரு முழு நாள்.

பலகையின் முன் நின்று எதைப் பார்ப்பது? எனக்குத் தையலும் தெரியாது, ஓவியமும் தெரியாது.

இரண்டும் தெரியாமலே பார்க்கலாம். முதலில் ‘ஹவுஸ்டாப்’ பலகை ஒன்றின் முன் நில்லுங்கள். நடுவில் ஒரு சிறு சதுரம் இருக்கும். அதன் நான்கு பக்கங்களிலும் ஒவ்வொரு பட்டையாக ஒட்டுப்போட்டு, அந்தப் பெரிய சதுரத்தைச் சுற்றி மீண்டும் பட்டைகள், அதைச் சுற்றி மேலும் பட்டைகள் என்று வெளிநோக்கி வளர்ந்திருக்கும். மேலிருந்து பார்க்கும் வீட்டுக்கூரைபோல் தோன்றுவதால் அந்தப் பெயர். விதி இவ்வளவுதான். இப்போது கோடுகளைக் கண்ணால் தொடர்ந்து போங்கள். ஒரு பட்டை ஒரு முனையில் அகலமாகத் தொடங்கி மறுமுனையில் ஒடுங்கியிருக்கும். மூலைகள் நேர்கோட்டில் சந்திக்காமல் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் நிற்கும். ஒரே நிறத்தில் ஓடிவந்த பட்டை பாதியிலேயே வேறு நிறத்துக்கு மாறியிருக்கும். அந்த இடத்தில் துணி தீர்ந்துவிட்டது என்பதே காரணமாக இருக்கலாம். ஆனால் அடுத்து எந்தத் துணியை வைப்பது என்று முடிவுசெய்தது கையும் கண்ணும்தான். மீதமிருந்த நூறு துண்டுகளில் அந்தச் சிவப்பை எடுத்து அங்கே வைத்ததில் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

மற்ற வடிவங்களையும் இதேபோல் அணுகலாம். ஜெஸ்ஸி டி. பெட்வேயின் போர்வையில் நீண்ட பட்டைகளுக்கிடையே சிறு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண்கள் எழும். தூண்கள் சற்றே வளைந்திருப்பதால் முழுப் பரப்பும் அசைவதுபோல் தோன்றும். மின்னி சூ கோல்மனுடையதை ஊர்வழக்கில் ‘பட்டியில் பன்றி’ என்பார்கள். வேலிக்குள் அகப்பட்ட சிறு உருவம்போல் நடுச்சதுரம் அமர்ந்திருக்கும். ரூத் பி. மோஸ்லியின் ஒன்பது கட்ட வடிவம் அமெரிக்கா முழுவதும் பெண்பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் எளிய வடிவம். ஊரில் பலர் இப்படிப் பெயருள்ள வடிவம் ஒன்றில் தொடங்கி, பாதியில் அதை விட்டுவிட்டுத் தம் போக்கில் போவதை ‘என் வழி’ என்றே அழைக்கிறார்கள்.

பலகை ஓவியத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். வண்ணம் சமதளமானது. துணியில் டெனிமின் சொரசொரப்பும், முழங்கால் தேய்ந்த இடத்தின் வெளிறிய நீலமும், சட்டைப்பையைப் பிரித்தெடுத்த இடத்தில் வெயில் படாமல் எஞ்சிய கருநீலக் கட்டமும் இருக்கும். இவை பலகையில் வர வழியில்லை. வெயிலிலும் மழையிலும் நிற்பதால் பலகைகளின் வண்ணமும் காலப்போக்கில் மங்கத்தான் செய்யும். தொலைவிலிருந்து பார்க்கும் வடிவத்துக்குப் பலகை. அருகில் பார்க்கும் நுட்பத்துக்கு அசல் போர்வை. இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம்.

பழைய உடைகளையும் சாக்குகளையும் ஏன் பயன்படுத்தினார்கள்?

வேறு துணி இல்லை. பருத்தி விளைவித்த ஊரில் துணி வாங்கப் பணம் இல்லை.

அடிமைமுறை ஒழிந்த பிறகும் இம்மக்கள் அதே நிலத்தில் குத்தகைக்காரர்களாகவே தங்கினார்கள். விதை, உரம், உணவு எல்லாம் கேம்டன் வணிகரிடம் கடன், அறுவடையில் கழித்துக்கொள்வார்கள். 1932இல் அப்படிக் கடன் கொடுத்துவந்த வணிகர் ஒருவர் இறந்தார். அவருடைய குடும்பத்தார் நிலுவையை ஒரேயடியாக வசூலிக்க ஆட்களை அனுப்ப, அவர்கள் ஏறத்தாழ 60 குடும்பங்களின் மாடு, கோவேறு கழுதை, கோழி, கலப்பை, வண்டி, சேமித்து வைத்த தானியம், அடுத்த பருவத்து விதை என்று அகப்பட்ட அனைத்தையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவால்தான் கடந்தார்கள்.

1937இல் மத்திய அரசின் புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டீன் இங்கே எடுத்த படங்களில் மரக்கட்டை வீடுகளின் உட்சுவர் முழுவதும் செய்தித்தாள்கள் ஒட்டியிருப்பதைக் காணலாம். இடுக்குகள் வழியாக வரும் குளிர்காற்றைத் தடுக்கத்தான். போர்வையின் வேலையும் அதுவே. பத்துப் பேர் உறங்கும் வீட்டில் ஒரு குளிர்காலத்துக்கு எத்தனை போர்வை வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு பெண்ணும் ஏன் இத்தனை வேகமாக, இத்தனை துணிச்சலாகத் தைத்தாள் என்பது புரியும். கிழிந்த மேலங்கி, கால்சட்டையின் பின்பக்கம், உரச்சாக்கு, மாவுச்சாக்கு எதுவும் வீணாகவில்லை. நைந்துபோன போர்வையைக் கொளுத்திப் புகைமூட்டிக் கொசு விரட்டினார்கள். அப்படி எரிந்துபோனவற்றை எண்ணி இன்று அருங்காட்சியகக்காரர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

எல்லாமே தேவைக்காகத் தைத்தவையும் அல்ல. மிசூரி பெட்வே என்பவர் கணவர் இறந்த பின், 1942இல், அவர் வயலில் உடுத்திய உடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளவும், அதைப் போர்த்திக்கொண்டு படுக்கவும் அப்படிச் செய்ததாக, உடனிருந்து உதவிய மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொன்னார். அந்தப் போர்வை இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மகளின் போர்வை அஞ்சல்தலையாகியது.

ஏன் பாதிப் பேருக்குப் பெட்வே என்று பெயர்? எல்லோரும் உறவினரா?

சிலர் உறவினர், பலர் அல்லர். 1845இல் ஜீ குடும்பத்தார் 29,000 டாலர் கடனுக்கு ஈடாக இந்தத் தோட்டத்தை மார்க் பெட்வே என்ற உறவினருக்குக் கொடுத்தார்கள். அவர் வட கரோலினாவிலிருந்து குடிபெயர்ந்தபோது, தம் குடும்பத்தை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ நூறு அடிமைகளைக் கால்நடையாகவே இங்கே வரச் செய்தார். உடைமையாளரின் குடும்பப் பெயர் அவர்கள்மேல் ஏறியது. விடுதலைக்குப் பிறகும் அது நிலைத்துவிட்டது. அதனால் போர்வைக்காரர்களைக் குறிப்பிடும்போது குடும்பப் பெயரை மட்டும் சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

இந்த மக்கள் இப்போது நிலத்துக்குச் சொந்தக்காரர்களா?

பெரும்பாலானோர் ஆம். 1937இல் மத்திய அரசு பெட்வே தோட்டத்தின் ஏறத்தாழ 10,000 ஏக்கரை வாங்கி, 1940களில் குறைந்த வட்டிக் கடனில் இக்குடும்பங்களுக்கே விற்றது. அப்போது கட்டிக்கொடுத்த வீடுகளை ‘ரூஸ்வெல்ட் வீடு’ என்றே மக்கள் அழைத்தார்கள். சாலையோரத்தில் அத்தகைய பழைய வீடுகள் சில இன்னும் கண்ணில் படும். தெற்கு மாநிலங்களில் கறுப்பின உழவர்களுக்கு இது அரிதாகக் கிடைத்த வாய்ப்பு. ஊர் கலையாமல் நிற்பதற்கும், பாட்டியிடமிருந்து பேத்திக்குத் தையல் வந்து சேர்ந்ததற்கும் இந்த நில உரிமை ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். 1960களின் இறுதியில் மில்லர்ஸ் ஃபெர்ரி அணை கட்டப்பட்டபோது நல்ல விளைநிலத்தின் பெரும்பகுதி நீருக்குள் போய்விட்டது. படகிலிருந்து பார்க்கையில் ஆறு ஏரிபோல் பரந்து தெரிவது அந்த அணையால்தான்.

வழியில் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்ற கட்டடம் வருகிறதே, அது என்ன?

அது 1966 மார்ச்சில் தொடங்கிய பெண்கள் கூட்டுறவுச் சங்கம். 29ஆம் எண் சாலையில் ஆல்பர்ட்டா பக்கம் இருக்கிறது. குடிமையுரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டிருந்த ஃபிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார், கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டு, அவற்றை நியூயார்க்கில் ஏலம் விட்டுப் பணத்தை அப்பெண்களுக்கே கொடுக்கலாம் என்று முயன்றதில் பிறந்தது. எஸ்டெல் விதர்ஸ்பூன் நெடுங்காலம் அதை நடத்தினார். சங்கம் சொந்தமாக நிலம் வாங்கி, வாக்காளராகப் பதிவுசெய்ததற்காக வீட்டைவிட்டு விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அதில் மனை கொடுத்தது.

பெரிய கடைகளின் ஆர்டர்கள் வந்தபோது ஒரு சிக்கலும் வந்தது. நூறு போர்வையும் ஒரே மாதிரி, ஒரே அளவில், கோணல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கடைகள் எதிர்பார்த்தன. அதனால் சங்கத்தில் தைத்தவை ஒரு முகம், வீட்டில் தைத்தவை இன்னொரு முகம் என்றாயிற்று. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய் தலையணை உறைகளைத் தைக்கத் தொடங்கியதும், மிஞ்சிய வெட்டுத்துணி வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அவகாடோ பச்சை, செம்பழுப்பு, பொன்மஞ்சள் என்று அந்தப் பத்தாண்டின் நாகரிக நிறங்கள் கொண்ட தடித்த துணி அது. எழுபதுகளின் ஜீஸ் பெண்ட் போர்வைகளை அந்த நிறங்களாலேயே அடையாளம் காணலாம். சங்கம் 2012இல் மூடப்பட்டது. அதன் வரலாற்றைக் காக்கும் முயற்சி நடந்துவருகிறது. கட்டடத்தின் உள்ளே போக முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிற்றூரின் பெயர் இவ்வளவு தூரம் பரவியது எப்படி?

1990களின் பிற்பகுதியில் வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர், விறகுக்குவியல்மேல் விரித்துக் கிடந்த ஆனி மே யங்கின் போர்வை ஒன்றைப் புகைப்படத்தில் பார்த்து, அதைத் தேடிக்கொண்டு ஊருக்கு வந்தார். அவரும் அவருடைய மகன்களும் நூற்றுக்கணக்கான போர்வைகளை வாங்கினார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சி அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குச் சென்றது. விமர்சகர்கள் இப்போர்வைகளை மத்தீஸ், பால் கிளே ஆகிய நவீன ஓவியர்களின் படைப்புகளோடு ஒப்பிட்டு எழுதினார்கள். 2015இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே மூவருக்கும் மரபுக் கலைகளுக்கான தேசிய விருது கிடைத்தது. மிஷேல் ஒபாமாவின் அதிகாரப்பூர்வ ஓவியத்தை 2018இல் வரைந்த ஏமி ஷெரால்ட், அவர் உடுத்தியிருந்த அங்கியின் கட்டங்களில் ஜீஸ் பெண்ட் போர்வைகளைக் கண்டதாகச் சொன்னார்.

நவீன ஓவியர்களோடு ஒப்பிடுவது பாராட்டுதான், ஆனால் அதில் ஒரு கோணலும் உண்டு. இப்பெண்கள் அந்த ஓவியங்களைப் பார்த்துத் தைக்கவில்லை; அண்டை வீட்டுக் கொடியில் காய்ந்ததைப் பார்த்துத் தைத்தார்கள்.

புகழோடு பணத்தகராறும் வந்தது. போர்வை வடிவங்களைத் தரைவிரிப்பு, காபிக் கோப்பை முதலானவற்றில் அச்சிட்டு விற்ற வகையில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று 2007இல் மூன்று பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2008இல் அவை சமரசத்தில் முடிந்தன. 2024இல் ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் இவ்வடிவங்களை உடைகளிலும் பொருள்களிலும் பயன்படுத்தியபோதும் தைத்தவர்களுக்குக் கிடைத்தது எவ்வளவு என்ற அதே கேள்வி எழுந்தது.

அசல் போர்வைகளை எங்கே பார்க்கலாம்? வாங்கவும் முடியுமா?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன், பிலடெல்ஃபியா, அட்லாண்டாவின் ஹை ஆகிய அருங்காட்சியகங்களில் நல்ல தொகுப்புகள் உள்ளன. துணி வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் எப்போதும் தொங்கவிட மாட்டார்கள். போகுமுன் எது காட்சியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்க விரும்புவோருக்கு ஊரிலேயே போர்வைக்காரர்களின் கூட்டமைப்பு ஒன்று 2003 முதல் இயங்கிவருகிறது. 2021 முதல் பலர் இணையக் கைவினைச் சந்தையில் சொந்தப் பெயரில் கடை திறந்திருக்கிறார்கள். சிறிய சுவர்த்துண்டுகள் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும். முழு அளவுப் போர்வை சில ஆயிரம் டாலர் ஆகலாம். பேரம் பேச வேண்டாம். ஒரு போர்வைக்கு எத்தனை வாரக் கைவேலை போகிறது என்பதைத் தையல் நெருக்கத்தைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

எந்தப் பருவம் ஏற்றது?

மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர். கோடையில் அலபாமாவின் புழுக்கம் கடுமையானது; பலகைக்குப் பலகை இறங்கி ஏறுவதற்குள் களைத்துவிடுவீர்கள். 2022 முதல் அக்டோபர்த் தொடக்கத்தில் ‘போர்வை விரிக்கும் விழா’ நடக்கிறது. போர்வைகளைக் கொடிகளிலும் வேலிகளிலும் விரித்து வெயில் காட்டும் பழைய வழக்கத்தை ஒட்டியது அது. அன்று ஊர் முழுவதும் அசல் போர்வைகள் காற்றில் ஆடும். தைத்தவர்கள் அருகிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார்கள். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். பலகைகளை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாளைத் தவிருங்கள்.

சாப்பாடு, பெட்ரோல்?

செல்மாவிலோ கேம்டனிலோ தொட்டியை நிரப்பிக்கொண்டு வாருங்கள். ஊரில் உணவகத்தை நம்பி வர வேண்டாம். சைவ உணவுக்காரர்கள் கட்டுச்சாதம் எடுத்து வருவதே நிம்மதி. கைப்பேசித் தொடர்பு இடையிடையே அறுந்துபோகும். வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கலாமா?

பலகைகளை எடுக்கலாம். அவை சாலையிலிருந்தே தெரிகின்றன. பல பலகைகள் வீடுகளுக்குப் பக்கத்தில் நிற்கின்றன, வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். முற்றத்துக்குள் நுழைவது, திண்ணையில் அமர்ந்திருப்பவரைக் கேட்காமல் படம் பிடிப்பது, ட்ரோன் பறக்கவிடுவது எதுவும் கூடாது. 1937 முதல் இந்த ஊரைப் படம் எடுக்க வந்தவர்கள் ஏராளம். கேட்டுவிட்டு எடுத்தவர்கள் குறைவு. கையசைத்தால் பெரும்பாலும் அவர்களும் கையசைப்பார்கள், பேச்சும் தொடரும். வடிவத்தை விற்பனைப் பொருளில் அச்சிடும் எண்ணம் இருந்தால், பலகை பொது இடத்தில் நிற்கிறது என்பதால் அதற்கு உரிமை கிடைத்துவிடாது.

செல்மாவிலும் கேம்டனிலும் எதைப் பார்ப்பது?

செல்மாவில் 1965 மார்ச்சில் வாக்குரிமை ஊர்வலத்தினர் தாக்கப்பட்ட எட்மண்ட் பெட்டஸ் பாலம். அதை நடந்தே கடக்கலாம். கேம்டனில் ‘பிளாக் பெல்ட் டிரெஷர்ஸ்’ என்னும் கலை மையம் 2005 முதல் சுற்றுவட்டார மாவட்டங்களின் கூடை, மண்பாண்டம், போர்வை ஆகியவற்றைக் காட்சிக்கும் விற்பனைக்கும் வைத்திருக்கிறது. படகு ஓடாத நாளில் இந்த மையத்துக்குச் சாலை வழியாகச் சுற்றி வர ஒரு மணி நேரமாவது கூடுதலாக ஒதுக்குங்கள், மாலையில் மூடிவிடுவார்கள்.